மாடி டியூஷன் ஹாலுக்கு எத்தனை இஞ்ச் எக்ஸாஸ்ட்? காற்றோட்டக் கணக்கு எப்படிப் போடறது?

மன்னை_டியூஷன்

வணக்கம். மன்னார்குடியில் கடைத்தெருவை ஒட்டின ஒரு முதல் மாடி ஹால். பத்தாவது, பன்னிரண்டாவது பசங்க 45 பேர், வாத்தியார் ஒருத்தர். சாயந்திரம் 5.30லேர்ந்து 8.30 வரைக்கும் வகுப்பு.

நீளம் 30 அடி, அகலம் 18 அடி, உயரம் 10 அடி. கான்கிரீட் தளம். நீளவாட்டத்துல ரெண்டு பக்கமும் பக்கத்துக் கட்டடத்தோட ஒட்டுச்சுவர், அங்க ஒண்ணும் திறக்க முடியாது. கிழக்கே தெரு: 4-க்கு 4 அடியில ரெண்டு ஸ்லைடிங் ஜன்னல், கொசுவலை போட்டது. மேற்கே கொல்லை: சீலிங்கை ஒட்டி 2 அடிக்கு ஒன்றரை அடியில ரெண்டு வெண்டிலேட்டர், மூலையில மாடிப்படிக்குப் போற கதவு. சீலிங் ஃபேன் ஆறு ஓடுது.

ஏழு மணிக்கு மேல கடைசி ரெண்டு பெஞ்சு தூங்கி வழியுது. தலைவலிங்கிறாங்க. வெளியிலேர்ந்து உள்ள வர்றவங்களுக்கு வேர்வை வாடை முகத்துல அடிக்குது. பஸ் ஹாரன் சத்தத்துக்காக ஜன்னலைப் பாதி சாத்தித்தான் பாடம் நடக்குது, மழை நாள்ல முழுசாவே சாத்தியாகணும்.

கடையில "12 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஒண்ணு போதும்"ங்கிறாங்க. ஒருத்தர் 2 டன் ஏசி போடச் சொல்றார். இன்னொருத்தர் தளத்துல ஓட்டை போட்டு, ரைஸ் மில் கூரையில சுத்துமே, அந்த டர்போ வெண்டிலேட்டரை வைக்கச் சொல்றார். கணக்கு எப்படிப் போடணும்னு யாராவது சொன்னா நானே போட்டுப் பார்த்துக்கறேன்.

கணக்குப்பிள்ளை

கடைக்காரர் 12 இஞ்ச் என்று சொன்னது ஹால் அளவைக் கேட்டுவிட்டா, ஆள் கணக்கைக் கேட்டுவிட்டா? பெரும்பாலும் ஹால் அளவுதான் கேட்பார்கள். கல்யாணப் பந்திக்கு அரிசி அளக்கும்போது இலை எத்தனை என்று பார்ப்போமே தவிர, மண்டபம் எத்தனை அடி என்று பார்ப்பதில்லை. இதுவும் அப்படித்தான்.

இரண்டு வழியிலும் போட்டுக் காட்டுகிறேன், வித்தியாசம் தெரியும்.

அறை அளவை வைத்து: 30 × 18 × 10 = 5,400 கன அடி. 35.3ஆல் வகுத்தால் 153 கன மீட்டர். வகுப்பறைக்கு மணிக்கு 6 தடவை காற்று மாறினால் போதும் என்று ஒரு பழக்கக் கணக்கு உண்டு. 153 × 6 = மணிக்கு 918 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் இதைத்தான் சி.எம்.எச். என்று போடுவார்கள். 1.7ஆல் வகுத்தால் சி.எஃப்.எம்., அதாவது நிமிஷத்துக்கு எத்தனை கன அடி: 540.

ஆள் கணக்கை வைத்து: வீடு அல்லாத கட்டடங்களுக்கு ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு. 46 × 10 = வினாடிக்கு 460 லிட்டர். 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 1,656 கன மீட்டர், அதாவது 975 சி.எஃப்.எம். இது கிட்டத்தட்ட 11 தடவை காற்று மாறுவதற்குச் சமம்.

முதல் கணக்கைவிட இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதே ஹாலில் பத்துப் பேர் உட்கார்ந்தால் முதல் கணக்கே ஏராளம். 46 பேருக்கு அது ஆளுக்கு 5.5 லிட்டர்தான் தரும்.

அந்த 10 லிட்டர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நம்பிக்கை வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார், வினாடிக்கு 0.005 லிட்டர். அதை 10 லிட்டர் வெளிக்காற்றில் கலந்தால் பத்து லட்சத்தில் 500 பங்கு, அதாவது 500 பி.பி.எம். வெளிக்காற்றிலேயே 420 இருக்கிறது. ஆக உள்ளே 920இல் நிற்கும். 5.5 லிட்டர் என்றால் 1,330. நாம் 1,000க்குள் வைக்கப் பார்க்கிறோம். அந்த வாயுவே விஷம் என்பதால் அல்ல. அது ஏறினால் வேர்வை ஆவி, வாடை, இருமல் துளி எல்லாம் கூடவே ஏறியிருக்கும், அதற்கு அது ஓர் அளவுகோல்.

மழை நாளில் எல்லாவற்றையும் சாத்தினால் என்ன ஆகும்? 46 பேர் மணிக்கு 828 லிட்டர் விடுகிறார்கள். ஹாலில் மொத்தக் காற்று 1,53,000 லிட்டர். நிமிஷத்துக்கு 90 பி.பி.எம். ஏறும். 420இல் தொடங்கினால் ஆறரை நிமிஷத்தில் 1,000, பதினெட்டு நிமிஷத்தில் 2,000. இடுக்கு வழியாகக் கசிவது கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஏழு மணிக்கு மேல்தான் தூக்கம் வருகிறது என்கிறீர்கள். காற்று ஆறு மணிக்கே கெட்டிருக்கும்.

சீலிங் ஃபேன் ஆறு ஓடுவதைக் காற்றோட்டத்தில் சேர்க்காதீர்கள். அது இருக்கிற காற்றைக் கிளறும், வேர்வையைக் காயவைக்கும். ஒரு லிட்டர் புதுக்காற்றைக்கூட உள்ளே கொண்டுவராது.

குடவாசல்_சிவில்

திறப்பு எவ்வளவுன்னு நான் பார்க்கிறேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஈரப்பதமான வெப்பப் பகுதிக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் கேட்குது. டெல்டா முழுக்க இந்த வகைதான். உங்க தரை 540 சதுர அடி, அதுக்கு 90 சதுர அடி வேணும். ஃப்ரேமோட சேர்த்து ஜன்னல் 32, வெண்டிலேட்டர் 6, மொத்தம் 38. பாதிகூட இல்லை.

அந்த 32லயும் ஸ்லைடிங் ஜன்னல்ங்கிறது பாதிதான் திறக்கும். மிச்சம் 16. கொசுவலை துளைப்பரப்புல ஏறக்குறைய பாதியைத் தின்னுடும், 8. தூசி படிஞ்ச வலைன்னா அதுவும் இல்லை. சத்தத்துக்காகப் பாதி சாத்தினா 4. நாலு சதுர அடி வழியா 46 பேர் மூச்சு வாங்கறாங்க.

காத்து ஒரு பக்கம் மட்டும் திறந்த அறைக்குள்ள உயரத்தைப் போல ரெண்டு, ரெண்டரை மடங்கு ஆழம் வரைக்கும்தான் போகும். 10 அடி உயரத்துக்கு 20லேர்ந்து 25 அடி. உங்க ஹால் 30 அடி. கடைசி பெஞ்சு மட்டும் தூங்கறதுக்கு அந்த மிச்ச அஞ்சு, பத்து அடி ஒரு காரணமா இருக்கலாம்.

டர்போ வெண்டிலேட்டர் வேண்டாம். அது காத்தடிச்சாதான் சுத்தும், இல்லன்னா உள்ள சூடு மேல ஏறுற விசையில மெதுவா இழுக்கும். தகரக் கூரை போட்ட 25 அடி உயர மில்லுக்கு அது சரி. 10 அடி கான்கிரீட் அறையில் அந்த விசை எவ்வளவுன்னு பாருங்க: 7 × திறப்பு × (உயர வித்தியாசம் × வெப்ப வித்தியாசம்)-இன் வர்க்கமூலம், விடை நிமிஷத்துக்குக் கன மீட்டர். வெண்டிலேட்டர் ரெண்டும் வலை போக 0.28 சதுர மீட்டர், ஜன்னலுக்கும் அதுக்கும் உயர வித்தியாசம் ஒன்றரை மீட்டர், உள்ள வெளிய 2 டிகிரி. 7 × 0.28 × 1.73 = 3.4. ஆளுக்கு வினாடிக்கு 1.2 லிட்டர். இதுக்காகத் தளத்தைக் குடைஞ்சா அடுத்த ஐப்பசியில் ஒழுகும், அது மட்டும் நிச்சயம்.

காரைக்கால்_ஏசி

ஏசி விக்கிறவன் நானே சொல்றேன், 2 டன் வேண்டாம். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டுவராது. உள்ள இருக்கிறதையே இழுத்துக் குளிர்ப்படுத்தி விடும். வெளி யூனிட்டுக்கும் உள் யூனிட்டுக்கும் நடுவுல போறது கேஸ் பைப்புதான், காத்துக் குழாய் இல்லை. ஏசி போட்டதும் எல்லாரும் செய்யற முதல் வேலை ஜன்னலைச் சாத்தறது. அப்புறம் கணக்குப்பிள்ளை சார் சொன்ன 2,000ஐத் தாண்டி 3,000க்கு ஜில்லுனு போய்ச் சேருவீங்க.

சரி, வெளிக்காத்தையும் விட்டுக்கிட்டு ஏசியும் போட்டா? வெளிய 32 டிகிரி, ஈரப்பதம் 70. உள்ள 26, ஈரப்பதம் 55 வேணும். அந்த 460 லிட்டர் காத்தை மட்டும் அந்த நிலைக்குக் கொண்டுவர 16 கிலோவாட்டுக்கு மேல குளிர்ச்சி வேணும், 4.7 டன். அதுல பாதிக்கு மேல காத்துல இருக்கிற ஈரத்தைத் தண்ணியா வடிக்கவே போயிடும். 46 பேர் உடம்புச் சூடு தனியா ஒன்றரை டன். தளம் வாங்கின வெயில் இன்னும் கணக்குலயே வரல. கரண்ட் பில்லையும் டியூஷன் ஃபீஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

பாமணி_எலக்ட்ரிக்கல்

ஃபேன் பத்தி. பெட்டில போட்டிருக்கிற சி.எம்.எச். முன்னாடி பின்னாடி ஒரு தடையும் இல்லாம ஓடும்போது அளந்தது. சுவர்ல மாட்டி, ஷட்டர் வச்சு, வலை கட்டினா 70 சதவீதம் கிடைச்சா நல்ல ஃபேன். அதனால 1,656 வேணும்னா 0.7ஆல வகுங்க, 2,366. பெட்டில 1,200 போட்ட ஃபேன் ரெண்டு வாங்குங்க. ஒரே பெரிய ஃபேனைவிட ரெண்டு நல்லது, இருபது பேர் வர்ற நாள்ல ஒண்ணு ஓடினா போதும், ஒண்ணு காயில் போனாலும் வகுப்பு நிக்காது.

இஞ்சை மட்டும் பார்த்து வாங்காதீங்க. அதே 12 இஞ்ச்ல 900 ஆர்.பி.எம். (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) உண்டு, 1,400 ஆர்.பி.எம். உண்டு. 1,400 நிறையக் காத்து தள்ளும், ஆனா பாடம் நடத்தற ரூம்ல அந்த இரைச்சல் ஆகாது. வாத்தியார் ரெண்டாம் நாளே சுவிட்சை அணைச்சுடுவார். 900தான் வேணும். பாத்ரூமுக்கு மாட்டற பிளாஸ்டிக் ஃபேனும் வேண்டாம், எதிர்க்காத்து கொஞ்சம் அடிச்சாலே றெக்கை சும்மா சுத்தும், காத்து போகாது.

ரெண்டையும் மேற்கு வெண்டிலேட்டர் இருக்கிற இடத்துலயே மாட்டலாம், சுவர் உடைக்க வேண்டாம். கிழக்கு ஜன்னல் ரெண்டும் திறந்திருக்கணும், படிக்கட்டுக் கதவு மூடியிருக்கணும். கதவு திறந்திருந்தா ஃபேன் பக்கத்துலயே இருக்கிற கதவு வழியா இழுத்துத் தள்ளிக்கிட்டிருக்கும், ஹாலுக்குள்ள ஒண்ணும் நடக்காது. நிறைய இடத்துல எக்ஸாஸ்ட் ஓடியும் புழுங்குதுன்னா இதுதான் கோளாறு.

மன்னை_டியூஷன்

எல்லாருக்கும் நன்றி. கணக்கு புரிஞ்சுது. ரெண்டு விஷயம் முதல்லயே சொல்லியிருக்கணும்.

ஒண்ணு, கீழ உரக்கடை. பூச்சிமருந்தும் விக்கிறாங்க. மாடிப்படி அந்தக் கடையோட பின்பக்கத்துலேர்ந்துதான் ஏறுது. மழைக்காலத்துல படிக்கட்டுல மருந்து நெடி நல்லாவே இருக்கும். ரெண்டு, மேற்கே ஒரு ஃபர்லாங் தூரத்துல ரைஸ் மில். ஆடி மாசக் காத்துல உமிக்கரி பறந்து கொல்லைப்பக்கம் பூரா கறுப்பா படியும்.

சத்தத்துக்காகக் கிழக்கு ஜன்னலைத் திறக்கவும் முடியல. இப்ப என்ன செய்ய?

கணக்குப்பிள்ளை

உரக்கடை என்றதும் விடையே மாறிவிடுகிறது. பாமணி சொன்ன இரண்டு ஃபேன் அப்படியே இருக்கட்டும். ஆனால் மேற்கே வேண்டாம், கிழக்குத் தெருச் சுவரில் மாட்டுங்கள். அவை காற்றை வெளியே தள்ளக் கூடாது, உள்ளே தள்ள வேண்டும்.

எக்ஸாஸ்ட் ஹாலில் இருந்து காற்றை உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. எந்த வழி கிடைத்தாலும் அதன் வழியாகக் காற்று வரும். ஜன்னல் விசாலமாகத் திறந்திருந்தால் அந்த வழியே வரும், அழுத்தக் குறைவு ஒன்றிரண்டு பாஸ்கலோடு (அழுத்தத்தை அளக்கும் அலகு) நிற்கும். சத்தத்துக்காக ஜன்னலை ஒரு சதுர அடி மட்டும் விட்டு மூடினால், அதே 460 லிட்டர் அதன் வழியே வர வினாடிக்கு 5 மீட்டர் வேகமும் 40 பாஸ்கல் வித்தியாசமும் வேண்டும். அந்த ஃபேன்களால் அது முடியாது. காற்று பாதியாகும், மீதி கதவிடுக்கு வழியாகப் படிக்கட்டில் இருந்து வரும். அதாவது பூச்சிமருந்துக் கடையின் காற்றை நீங்களே கரண்ட் செலவழித்து மேலே இழுத்துப் பசங்களுக்குக் கொடுப்பீர்கள்.

உள்ளே தள்ளினால் இது தலைகீழ். ஹாலில் அழுத்தம் கொஞ்சம் கூடும், கதவிடுக்கில் காற்று ஹாலில் இருந்து படிக்கட்டை நோக்கிப் போகும், நெடி ஏறாது. புதுக்காற்று தெருப்பக்கம், உயரத்தில், நமக்கு வேண்டிய இடத்தில் இருந்து வரும். கிழக்கு ஜன்னலைச் சாத்திவிடலாம், சாத்தியே ஆகவேண்டும், இல்லையென்றால் தள்ளின காற்று பக்கத்து ஜன்னல் வழியே தெருவுக்கே திரும்பிவிடும். ஆக ஹாரன் சத்தமும் குறையும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் வகுப்பு நடக்கும். காற்று 30 அடியும் கடந்து மேற்கு வெண்டிலேட்டர் வழியே வெளியேறுவதால் கடைசி பெஞ்சுக்கும் போகும், மிச்சத்தைச் சீலிங் ஃபேன் கலந்துவிடும்.

வெளியேறும் வழி போதுமா? இரண்டு வெண்டிலேட்டரும் சேர்ந்து 6 சதுர அடி, 0.56 சதுர மீட்டர். 0.46-ஐ 0.56ஆல் வகுத்தால் வினாடிக்கு 0.8 மீட்டர். வலை இல்லாமல் தாராளம், வலை போட்டால் கொஞ்சம் இறுக்கம். அங்கே கொசுவலைக்குப் பதில் பறவைவலை போதும். வகுப்பு நேரம் முழுக்க அதன் வழியே காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும், எதிர்க்காற்றில் கொசு ஏறி வருவது கஷ்டம். ஃபேன் நின்றபிறகு மூட ஒரு பலகைக் கதவு வைத்துக்கொள்ளுங்கள். கொசுவர்த்திச் சுருளைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. கொளுத்தும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள், மூடிய அறையில் அந்தப் புகைக்கு எந்தக் கணக்கும் ஈடுகொடுக்காது.

ஆடியில் மேல்காற்று அந்த வெண்டிலேட்டரில் நேராக மோதும். வினாடிக்கு 4 மீட்டர் காற்று சுவரில் 6 பாஸ்கல் அளவுக்கு எதிர்த்துத் தள்ளும். அதற்கும் உமிக்கரிக்கும் சேர்த்து ஒரே வைத்தியம்: வெண்டிலேட்டருக்கு வெளியே அதைவிடப் பெரிய ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) ஒன்றை, சுவரில் இருந்து 6 அங்குலம் தள்ளி, நான்கு தாங்கு கம்பியில் நிறுத்துங்கள். நாலு பக்கமும் இடைவெளி திறந்திருக்கட்டும். ஒரு வெண்டிலேட்டரின் சுற்றளவு 7 அடி, அரை அடி இடைவெளிக்கு மூன்றரை சதுர அடி வழி கிடைக்கிறது, திறப்பு மூன்றுதான். நெருக்கம் இல்லை. காற்று தகட்டில் மோதும், உள்ளே நேராக வராது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது மூச்சுக்கான கணக்கு, குளிர்ச்சிக்கான கணக்கு இல்லை. 46 பேர் உடம்புச் சூட்டில் வேர்வை ஆவியாகப் போவது போக மீதியும் ஃபேன், லைட்டும் சேர்ந்து மூன்று கிலோவாட்டுக்குப் பக்கம். இந்த அளவு காற்றில் ஹால் வெளியைவிட 5 டிகிரிக்குச் சற்று மேல் கூடுதலாக நிற்கும். சுவரும் தரையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். இன்னும் குறைய வேண்டும் என்றால் காற்றை இரட்டிப்பாக்க வேண்டும், அல்லது தளத்துக்கு மேல் தட்டோடு பதித்து வெள்ளை அடிக்க வேண்டும். சித்திரை வைகாசிக்கு இரண்டாவதுதான் மலிவு.

பாமணி_எலக்ட்ரிக்கல்

உரக்கடைன்னு தெரியாம சொல்லிட்டேன், கணக்குப்பிள்ளை சொல்றதுதான் சரி. மாட்டற விதம் எழுதறேன்.

எக்ஸாஸ்ட் ஃபேனையே திருப்பி மாட்டுங்க, காத்து உள்ள வர்ற மாதிரி. கனெக்‌ஷனை மாத்தி றெக்கையை எதிர்ப்பக்கம் சுத்தவிட்டா போதும்னு சிலர் சொல்வாங்க. செய்யாதீங்க. றெக்கையோட வளைவு ஒரு பக்கத்துக்குத்தான் வெட்டியிருக்கு, எதிர்ல சுத்தினா சத்தம் அதே, காத்து ரொம்பக் குறைச்சல். எக்ஸாஸ்ட்டோட வர்ற தானியங்கி ஷட்டரும் வெளிய தள்ளத்தான் திறக்கும், உள்ள தள்ளும்போது மூடிக்கும். அதைக் கழட்டிடுங்க.

ஸ்லைடிங் கண்ணாடி ஒண்ணை எடுத்துட்டுப் பலகை வச்சு அதுல ஃபேன் மாட்டலாம்னு தோணும். ஃபேன் பாடி ரெண்டு பக்கமும் துருத்தும், மத்தக் கண்ணாடி நகராது. கரண்ட் போற நாள்ல ஜன்னலும் இல்லை, ஃபேனும் இல்லைன்னு ஆயிடும். சுவர்லயே துளை போடுங்க. ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல, சைடுல செங்கல் சுவரா இருக்கிற இடம். லிண்டல், பில்லர், பீம் பக்கம் கைவைக்க விடாதீங்க, துளைக்கு முன்னாடி சிவில் ஆள் ஒருத்தரைக் காட்டிக் குறி போடுங்க.

வெளிய மழைக்கு மூக்கு கட்டணும். ஃபேனுக்கு ஒண்ணா ஜி.ஐ. தகட்டுல பெட்டி, வாய் கீழ்ப்பக்கம், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. அந்த வாய்ல காத்து வேகம் வினாடிக்கு 1.1 மீட்டர்தான், வாடைக்காத்து மழைச்சாரலை அது தூக்கி உள்ள இழுக்காது. வாயைச் சின்னதாக்கினா வேகம் கூடி ஃபேன் தண்ணி குடிக்கும், மோட்டார் போகும். கொசுவலையை ஃபேன் மேல கட்டாதீங்க, இந்த வாய்ல கட்டுங்க. அங்க பரப்பு ஃபேனைவிட மூணு மடங்கு. வாரம் ஒருநாள் பிரஷ்ஷால தட்டணும், உமிக்கரியும் தெருத்தூசியும் சேர்ந்தா பதினஞ்சு நாள்ல வலை போர்வை மாதிரி ஆயிடும்.

ஃபில்டர் வேணும்னா இந்த மாதிரி ஃபேனுக்கு முன்னாடி ஸ்பான்ஜைக் கட்டி அடைக்கக் கூடாது. ரெண்டுக்கும் சேர்த்துப் பத்து சதுர அடி பரப்புல முரட்டு நைலான் பேட், காத்து அரை மீட்டர் வேகத்துல போற மாதிரி இருந்தா தாங்கும். அவ்வளவு இடம் இல்லைன்னா ஃபில்டர் வேண்டாம், உமிக்கரியில பெரிய துகள் கீழ்நோக்கின வாய்ல ஓரளவு விழுந்துடும்.

ஃபேன் ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவுல ரப்பர் வாஷர். ரெண்டுக்கும் தனித்தனி சுவிட்ச், இன்வெர்ட்டர் லைன்லேர்ந்து எடுங்க. சீலிங் ஃபேன் நின்னாலும் பரவாயில்லை, இது நிக்கக் கூடாது.

நாகை_76

மாட்டினதும் வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? மூணு சோதனை.

முதல் சோதனைக்கு ஒரு ஊதுபத்தி போதும். ஃபேன் ரெண்டும் ஓடட்டும், ஜன்னல் சாத்தியிருக்கட்டும். படிக்கட்டுக் கதவை மூடி, அடியில் தரையோட இடுக்குல பத்தியைப் பிடிங்க. புகை படுத்துக்கிட்டுக் கதவுக்கு அடியில வெளிய போகணும். உங்க பக்கம் திரும்பி வந்தா எங்கயோ கணக்கு உதைக்குது: வலை அடைச்சிருக்கும், இல்லன்னா ஒரு ஃபேன் தலைகீழா சுத்துது. நாலு மூலையிலயும் பாருங்க, கதவுக்கு மேல இடுக்கையும் விடாதீங்க. ஆடிக்காத்து பலமா அடிக்கிற நாள்ல ஒருதடவை, மழைநாள்ல ஒருதடவை.

ரெண்டாவது, கையில பிடிக்கிற காத்துவேகமானி. வெண்டிலேட்டரை மூணுக்கு மூணா ஒன்பது கட்டமா நினைச்சுக்கிட்டு ஒவ்வொரு கட்டத்துலயும் பத்து வினாடி பிடிச்சு சராசரி எடுங்க. நடுவுல மட்டும் பிடிச்சா கூடுதலா காட்டி ஏமாத்தும். ரெண்டு வெண்டிலேட்டர்லயும் 0.8 பக்கம் வந்தா கணக்கு பலிச்சுது. 0.4 வந்தா பாதிக்காத்துதான் வருது.

மூணாவது, கார்பன் டை ஆக்சைடு மீட்டர். வாங்கும்போது உள்ள என்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளியை வச்சு அளக்கிறது) சென்சாரான்னு கேளுங்க. விலை குறைஞ்ச சிலது வாசனை சென்சாரை வச்சுக்கிட்டு ஒரு நம்பரை உத்தேசமா காட்டும். வெளிய மொட்டைமாடியில இருபது நிமிஷம் வச்சா 420 பக்கம் வரணும். ஹால்ல உட்கார்ந்த தலை உயரத்துல, யார் முகத்துக்கும் மூணு அடிக்குள்ள இல்லாம, கடைசி பெஞ்சுகிட்ட வைங்க.

வகுப்பு முடிஞ்சு எல்லாரும் இறங்கினதும் ஃபேன், ஜன்னல் எதையும் மாத்தாம அந்த நம்பர் இறங்கறதைப் பாருங்க. உதாரணத்துக்கு இப்ப இருக்கிற நிலையில 1,820ல நிக்குதுன்னு வைங்க. வெளிக்காத்தைவிட 1,400 கூடுதல். ஹால் அளவு காத்து ஒருதடவை உள்ள வந்து கலந்தா அந்தக் கூடுதல்ல 37 சதவீதம்தான் மிஞ்சும், அதனால அது 518ஆ குறையணும், அதாவது மீட்டர் 938 காட்டணும். அதுக்கு 20 நிமிஷம் ஆச்சுன்னா 60-ஐ 20ஆல வகுங்க: மணிக்கு 3 தடவை காத்து மாறுது. 3 × 153 = 459 கன மீட்டர், 46 பேருக்கு ஆளுக்கு 2.8 லிட்டர். புது ஃபேன் போட்டப்புறம் இதே இறக்கம் அஞ்சரை நிமிஷத்துல நடக்கணும். சீலிங் ஃபேன் ஓடிக்கிட்டிருக்கட்டும், இல்லன்னா மீட்டர் இருக்கிற மூலையை மட்டும்தான் அளந்திருப்பீங்க.

ஃபேன் மாட்டறதுக்கு முன்னாடியே ஒருதடவை அளந்து எழுதி வைங்க.

மன்னை_டியூஷன்

மீட்டர் இரவல் வாங்கி ஃபேனுக்கு முன்னாடியே அளந்துடறேன். கடைசியா ஒரு சந்தேகம். மேற்கு வெண்டிலேட்டர்ல பழைய காலத்துக் கண்ணாடிப் பட்டைகள் சாய்வா, அசையாம பதிச்சிருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஆறு பட்டை. அது அப்படியே இருக்கலாமா? மழைக்கு நல்லாத்தான் இருக்கு.

குடவாசல்_சிவில்

இருக்கக் கூடாது. சாய்வுப் பட்டைக்கு நடுவுல நேர்க்குறுக்கா அளந்தா பாதி வழிதான் மிஞ்சும். 0.56ங்கிற கணக்கு 0.28 ஆயிடும், வேகம் 1.6க்குப் போகும், எதிர் அழுத்தம் நாலு மடங்கு. ஆடியில அது மேல்காத்தோட சேர்ந்து ஃபேனை அமுக்கிடும். பட்டையை எல்லாம் உருவிட்டு முக்கால் இஞ்ச் கண் உள்ள பறவைவலை வைங்க. மழைக்குத்தான் வெளிய தகடு நிக்கப்போகுதே. ஃப்ரேமை உடைக்காதீங்க, உள்பக்கம் பலகைக் கதவுக்குக் கீல் அடிக்க அதே ஃப்ரேம் உதவும்.